ஏர்ஸ் பிராப்பர்ட்டி: பாகம் பிரியாத வாரிசு நிலம்

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோகிறார். நிலம் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவில் இறங்குகிறது. பெயர் மாற்றமும் நடக்கவில்லை, பாகமும் பிரிக்கவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இப்படி நிற்கும் நிலத்தை 'ஏர்ஸ் பிராப்பர்ட்டி' என்பார்கள். வாரிசைக் குறிக்கும் லத்தீன் சொல் 'ஹேரெஸ்', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஏர்' ஆயிற்று. இங்கிலாந்துப் பொதுச்சட்டத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த 'டெனன்சி இன் காமன்' என்பதே இதன் சட்டப் பெயர்.

தமிழில் 'பூர்வீகச் சொத்து' என்றால் பொருள் மாறிவிடும். அதில் பிறப்பாலேயே உரிமை உண்டு என்ற எண்ணம் கலந்திருக்கிறது. இங்கே உரிமை மரணத்துக்குப் பிறகுதான் பிறக்கிறது. 'கூட்டுச் சொத்து' என்பதும் போதாது. 'பாகம் பிரியாத வாரிசு நிலம்' என்பதே சரி.

பிரியாத பாகம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 40 ஏக்கர் வைத்திருந்தவருக்கு 5 பிள்ளைகள், அவர்களுக்குத் தலா 4 பேர், அடுத்து தலா 3 பேர் என்று வையுங்கள். மூன்றாம் தலைமுறையில் ஒருவர் பங்கு அறுபதில் ஒன்று, அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவு. ஆனால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. 40 ஏக்கரிலும் பரவியிருக்கிறது. தன் பங்கை விற்க மற்றவர்கள் சம்மதம் தேவையில்லை. சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ இருக்கும், நிலத்தைப் பார்த்தே இராத ஒரு பேரனிடம் வெளியாள் அந்தப் பங்கைச் சொற்ப விலைக்கு வாங்கினால், அவரும் பங்காளி ஆகிவிடுவார். மறுநாளே நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலம் விடக் கேட்கலாம். இத்தனை துண்டாக வெட்ட முடியாதென்று நீதிபதிகளும் பெரும்பாலும் ஏலத்துக்கே உத்தரவிட்டார்கள். ஏலத்தில் ரொக்கம் வேண்டும். தெளிவான பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. கடைசியில் வழக்குப் போட்டவரே சந்தை விலைக்கு வெகு குறைவாக எடுத்துக்கொள்வார்.

இதில் அதிகம் இழந்தவர்கள் கறுப்பின விவசாயிகள். 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வடபடைத் தளபதியாக இருந்த ஷெர்மன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவருக்குக் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கினார். அதே ஆண்டில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். பிறகு தங்கள் சொந்தக் காசில் வாங்கி வாங்கி, 1910 வாக்கில் 1.5 கோடி ஏக்கர் அளவுக்குச் சேர்த்தார்கள். அதில் பெரும்பகுதி இன்று அவர்கள் கையில் இல்லை. மிரட்டல், கடன் மறுப்பு, வரி ஏலம் எனக் காரணங்கள் பல. பாகம் பிரியாமை அவற்றில் முக்கியமானது. வெள்ளையர் நடத்திய நீதிமன்றத்தையும் வக்கீலையும் நம்ப வழியில்லாததால் பலர் உயில் எழுதவில்லை. எல்லோருக்கும் பொதுவாக விட்டால் யாராலும் விற்க முடியாது என்று நம்பினார்கள். சட்டம் அதற்கு நேர்மாறாக இருந்தது.

2010இல் சட்டப் பேராசிரியர் தாமஸ் மிட்செல் முன்னின்று வரைந்த மாதிரிச் சட்டம் இதை ஓரளவு தடுக்கிறது. பங்காளி ஒருவர் நிலத்தை ஏலம் விடக் கேட்டால், நீதிமன்றம் முதலில் நிலத்தை மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பில் அவருடைய பங்கை மற்ற வாரிசுகள் வாங்கிக்கொள்ளலாம். விருப்பம் தெரிவிக்க 45 நாள், பணம் கட்டக் குறைந்தது 60 நாள். அதுவும் முடியாதபோது நிலத்தைப் பிரிக்கப் பார்க்க வேண்டும். விற்றே ஆகவேண்டும் என்றால் பொதுவாகச் சந்தையில் தரகர் மூலம் விற்க வேண்டும். ஜார்ஜியா 2012இலும் தென் கரோலினா 2016இலும் ஏற்றன. ஏற்காத மாநிலங்களில் பழைய விதிதான். இந்தியாவின் 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம், மதிப்பீட்டு விலையில் பங்கை வாங்கும் உரிமையை 3ஆம் பிரிவிலேயே தந்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அரசின் பயிர்க்கடனுக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் வேளாண்துறை தரும் பண்ணை எண் வேண்டும். பத்திரம் இல்லாதவர்களும் மாற்று ஆவணங்கள் காட்டி அந்த எண்ணைப் பெற 2018 வேளாண் சட்டம்தான் வழிசெய்தது.