பெயர் பிறகு வரட்டும்

சேலத்தில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பிய ஏற்காட்டு வாசகி ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். மண்டபத்தில் அவருடைய மாமியார் கையைப் பிடித்து அழைத்துச் சென்று இருபது உறவினர்களையாவது அறிமுகம் செய்து வைத்தாராம். மலையேறும் வழியில் கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் அத்தனை பெயர்களும் மறந்துவிட்டன. ஆனால் அன்றிரவு தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தபோது, அரை மணி நேரத்தில் ஆறு பாத்திரங்களும் மனத்தில் பதிந்துவிட்டன. சொந்தக்காரர்களை மறக்கும் மூளை, இல்லாத மனிதர்களை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: திருமணத்தில் கண்டவர்களில் ஒருவர் மட்டும் மறக்கவில்லை. பந்தியில் அழுதுகொண்டிருந்த சிறுவனுக்குத் தம் இலையிலிருந்த மைசூர்பாகை எடுத்து வைத்த பெரியவர் அவர், பெயர் தெரியாது. கேள்விக்கான விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

எளிய காரணத்தை முதலில் சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் நம் உடனடி நினைவில் நிற்கக்கூடியவை மிகச் சில. ஏழு, அல்லது அதற்கு இரண்டு கூடக்குறைய என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் என்று 2001இல் இன்னொரு உளவியலாளரான நெல்சன் கோவன் அந்தக் கணக்கைக் குறைத்தார். இருபது பேர் வரிசையாக வந்தால் அது நிரம்பி வழியத்தான் செய்யும். தொடர் எழுதுபவர்கள் பாத்திரங்களை இடைவெளி விட்டு, ஒருவர் இருவராக அனுப்புகிறார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணமாக இருந்தால், அந்தப் பெரியவரும் மறந்துபோயிருக்க வேண்டும். அவர் ஏன் நின்றார் என்பதை விளக்கும் ஆய்வு ஒன்று 1987இல் வெளிவந்தது. முன்பின் அறியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். அதே சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது, பெயராகச் சொன்னபோதைவிட நன்றாக நினைவில் நின்றது. நம்மிடமும் அப்படி ஒரு சொல் உண்டு. ஒருவரைக் காட்டி 'இவர் பெயர் மணியம்' என்றால் அந்த ஒலி வந்த வழியே போய்விடும். 'இவர் அந்தக் காலத்தில் ஊர் மணியம் பார்த்தவர்' என்றால், நிலவரி வசூல், கணக்கு நோட்டு, திண்ணையில் காத்திருக்கும் ஊரார், அதட்டும் குரல் என்று ஏற்கெனவே நம் மனத்தில் கிடக்கும் பல செய்திகள் அவர் முகத்தோடு வந்து ஒட்டிக்கொள்கின்றன. எழுத்து ஒன்றுதான், ஒலியும் ஒன்றுதான். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு நூல், மற்றதற்குப் பத்து நூல். ஒன்று அறுந்தாலும் ஒன்பது மிச்சம் இருக்கும்.

செயல் இன்னும் ஆழமாகப் பதிகிறது. இதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. 1984இல் வின்டர், உலமன் என்ற இரு ஆய்வாளர்கள், 'நூலகர் மூதாட்டியின் மளிகைப் பையைச் சாலையின் மறுபுறம் வரை சுமந்து செல்கிறார்' என்பது போன்ற வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'உதவும் குணம்' என்ற சொல் எந்த வாக்கியத்திலும் இல்லை. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று யோசிக்கும்படியும் யாரும் சொல்லவில்லை. பிறகு அந்தக் குணச் சொல்லைக் குறிப்பாகக் கொடுத்ததும், மறந்துபோன வாக்கியங்கள் பலருக்கு நினைவுக்கு வந்தன. படித்த கணத்திலேயே, தாம் அறியாமலே, செயலைக் குணமாக மாற்றிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடியும். குணத்தை யாராவது சொல்லக் கேட்டால், நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறோம். நாமே ஊகித்த குணத்தை நாம் சந்தேகிப்பதில்லை.

1994 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ்' நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடு இதற்கு நல்ல பாடம். காபிக் கடையில் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உடன் வேலை செய்யும் ஒருவரோடு வெளியே போவதைப் பற்றி மோனிகா பேச, மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். சாண்ட்லர் தான் கண்ட சங்கடமான கனவைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறான். மனைவி பிரிந்து சென்ற ராஸ் உள்ளே வந்து, செத்த குரலில் ஒரே ஒரு வணக்கம் சொல்கிறான். ஃபீபி அவனைச் சுற்றிக் காற்றைக் கிள்ளிக் கிள்ளி எறிந்து, அவனுடைய ஒளிவட்டத்தைச் சுத்தம் செய்கிறாள். திருஷ்டி கழிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் செய்கைக்கு விளக்கமே வேண்டாம். பிறகு கல்யாண உடையோடு, மழையில் நனைந்து, ரேச்சல் ஓடி வருகிறாள். இடையில் ஓரிரு பெயர்கள் காதில் விழுந்தாலும், இவர் இன்னார் என்று மோனிகா வரிசையாகச் சொல்வது அதன் பிறகுதான். அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு செயலும் அதிலிருந்து நாம் ஊகித்த ஒரு குணமும் சேர்ந்துவிட்டன. பெயர்கள் அவற்றின் மேல் வந்து உட்கார்கின்றன. மண்டபத்தில் வரிசை தலைகீழ்: அங்கே பெயர் முதலில் வருகிறது, செயல் வருவதே இல்லை.

எந்தச் செயல் முதலில் வருகிறது என்பதும் முக்கியம். 1946இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்களைப் படித்துக் காட்டினார்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இந்த வரிசையில் கேட்டவர்கள் சில குறைகள் உள்ள திறமைசாலியைக் கண்டார்கள். அதே சொற்களைப் பின்னிருந்து கேட்டவர்களோ, குறைகளால் திறமை கெட்டுப்போன ஒருவரைக் கண்டார்கள். முதலில் நுழைந்த சொல் பின்னால் வருவனவற்றின் பொருளையே வளைத்துவிடுகிறது. பாத்திரத்தின் முதல் அரை நிமிடத்திற்காகத் தொடர் எழுதுபவர்கள் அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

ரேச்சலைப் போன்ற புதியவர் நமக்காகவே அனுப்பப்படுபவர். அவருக்கு எதுவும் தெரியாது என்பதால் மற்றவர்கள் விளக்கியாக வேண்டும்; விளக்கம் நமக்குக் கிடைக்கிறது. சேலத்துப் பக்கம் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. ஓமலூர் அருகே ஒரு கிராமத்தில் துரியோதனன் வருகையை மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இருவர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, அதன் பின்னால் சலங்கை அதிர்கிறது. துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிந்து மறைகிறது. ஒரு கை துணியின் விளிம்பைப் பற்றி உலுக்குகிறது. முகம் தெரியும் முன்பே அவனுடைய ஆணவம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. திரை விலகிய பிறகு, கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியங்காரன் 'தாங்கள் யார், எந்த நாடு' என்று, அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோர் சார்பிலும் கேட்கிறான்.

இரண்டு விஷயங்களை இங்கே சொல்லத் தோன்றுகிறது. முகத்தைப் பார்த்ததும் ஆளை எடைபோடும் பழக்கத்தை நாம் முகராசி பார்ப்பது என்று மதிப்போடு அழைக்கிறோம். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே ஒரு முகத்தைக் கண்டவர்களும், வேண்டிய அளவு நேரம் பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று 2006இல் வில்லிஸ், டொடொரோவ் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். முடிவு வேகமானது என்பதற்கே அது சான்று. சரியானது என்பதற்கு அல்ல. முகராசி பார்த்துப் பெண்ணையும் வேலையாளையும் தள்ளுவது பெரும் அநியாயம். அடுத்தது, கூத்துப் பார்த்த நூறு பேரிடம் மறுநாள் காலை எந்தப் பாத்திரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு மாணவர்களும் நோட்டும் பேருந்துச் செலவும் போதும். பொழுதுபோக்குத்தானே என்று இத்தகைய ஆய்வுகளை ஒதுக்காமல் நம் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகி இப்போது தம் மாமியாரிடம் அந்த மைசூர்பாகுப் பெரியவரின் பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கை ஏற்கெனவே நினைவில் இருப்பதால், இந்த முறை பெயருக்கும் மாட்டிக்கொள்ள ஓர் ஆணி இருக்கிறது.