ஒதுங்கிய பக்கமே சைக்கிளும் வருவது ஏன்?

“நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அதன் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்புவதைப் பார்த்து நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். அதுவும் வலப்பக்கமே வந்து என் முழங்கையில் இடித்துவிட்டது. ஓட்டியவரோ, தாம் தொடக்கத்திலிருந்தே வலப்பக்கம்தான் திருப்பியதாகச் சாதிக்கிறார். இதில் யார் சொல்வது சரி?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். வலப்பக்கம் போக நினைக்கும் சைக்கிள் முதலில் இடப்பக்கம்தான் போயாக வேண்டும்.

ஓடும் சைக்கிள் வலப்பக்கம் வளைய வேண்டுமானால், வண்டியும் ஆளும் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயாமல் ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் உடல் வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? உள்ளங்கையில் ஒரு துடைப்பக் குச்சியை நிறுத்திக்கொண்டு, அதை வலப்பக்கம் சாய்க்க முயன்று பாருங்கள். குச்சியின் தலையை நீங்கள் தொட முடியாது. கையை இடப்பக்கம் சற்று நகர்த்தினால் தலை தானாக வலப்பக்கம் சாயும். சைக்கிளில் உங்கள் உடல்தான் குச்சி, சக்கரங்கள்தான் கை. ஓட்டுபவர் தம்மையறியாமல் ஹேண்டில்பாரை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இடப்பக்கம் திருப்புகிறார், சக்கரங்கள் உடலுக்கு அடியிலிருந்து இடப்பக்கம் விலகுகின்றன, உடல் வலப்பக்கம் சாய்கிறது, அதன் பிறகே ஹேண்டில்பார் அந்தச் சாய்வைப் பின்தொடர்ந்து வலப்பக்கம் திரும்புகிறது.

தம்பியுடன் சேர்ந்து விமானத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சைக்கிள் செய்து விற்றுக்கொண்டிருந்த வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரைக் கேட்டதாகவும், கேட்டவுடனே முழுமையாகச் சரியான விடை சொன்னவர் ஒருவர்கூட இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால், தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விட்டு வெளியே வந்ததும் வளைத்துப் பாருங்கள். காய்ந்த தரையில் விழும் ஈரத் தடம் வளைவுக்கு முன் எதிர்ப்பக்கமாக இலேசாக நெளிந்திருக்கும். நடைபாதை விளிம்பை ஒட்டி ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: விளிம்பை விட்டு விலக நினைக்க நினைக்க வண்டி அதிலேயே ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் விலகுவதற்கு முதலில் விளிம்பின் பக்கம் திரும்ப வேண்டும், அங்கே இடமில்லை. பக்கத்தில் நடக்கும் மனிதரும் சைக்கிளுக்கு அப்படி ஒரு விளிம்புதான். வாசகி கண்டது அந்த முதல் நெளிவை. அதை நம்பி அவர் ஒதுங்கிய பக்கம்தான் சைக்கிள் உண்மையில் போகவிருந்த பக்கம்.

“மெதுவாகப் போனால் என்ன?” என்று நடப்பவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் வண்டி விழாமல் நிற்பதும் இதே வித்தையால்தான்: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சக்கரத்தைக் கொண்டுபோய் உடலைத் தாங்குவது. சுழலும் சக்கரங்களே சைக்கிளை நிமிர்த்தி நிறுத்துகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். 2011இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சுழற்சி விளைவை ரத்துசெய்யும் எதிர்ச்சக்கரங்களைப் பொருத்திய ஒரு சிறு வண்டியைச் செய்து, ஆளில்லாமலே விழாமல் ஓடவைத்துக் காட்டினார்கள். சாய்வைத் தாங்கும் பக்கவாட்டு முடுக்கம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து நடைவேகமான 5 கிலோமீட்டருக்கு இறங்கினால், அதே அளவு தாங்குவதற்கு ஹேண்டில்பாரை ஏறக்குறைய 16 மடங்கு திருப்ப வேண்டும். நடப்பவருக்குப் பணிந்து மெதுவாக வரும் சைக்கிள்தான் அதிகமாகத் தள்ளாடும், அகலமான இடத்தையும் கேட்கும்.

நடப்பவரின் கணக்கே வேறு. எந்த அடியிலும் அவரால் நிற்க முடியும், தோளைத் திருப்பி இடைவெளிக்குள் நுழைய முடியும். கூட்டத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் தவிர்ப்பது தூரத்தைப் பார்த்தல்ல, மோதுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பார்த்தே என்று 2014இல் வெளியான ஓர் இயற்பியல் ஆய்வு காட்டியது. அந்த முன்னுணர்வு ஏறத்தாழ 3 நொடிக்குள் அடங்கிவிடுகிறது. எதிரே வருபவரிடம் இது அருமையாக வேலை செய்யும். முதுகுப் பக்கம் கண் இல்லாததால், பின்னால் வரும் சைக்கிளிடம் செல்லாது.

ஆகவே அந்த 3 நொடியை மணிதான் தர வேண்டும். சைக்கிள் நொடிக்கு 5 மீட்டரும் நடப்பவர் 1.4 மீட்டரும் நகர்ந்தால் இடைவெளி நொடிக்கு 3.6 மீட்டர் குறையும்; 3 நொடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் தேவை. பெரும்பாலும் மணி அடிக்கப்படுவது முதுகுக்கு 2 மீட்டர் பின்னால், அதாவது அரை நொடிக்கும் சற்றே அதிகமான நேரத்துக்கு முன்னால். அந்த நேரத்தில் நடப்பவரால் துள்ளத்தான் முடியும், அதுவும் எந்தப் பக்கம் என்று தெரியாமல். கேள்வி கேட்ட வாசகிக்கு: அவ்வளவு அருகில் மணி கேட்டால் ஒதுங்காதீர்கள், அதே வேகத்தில் நேராக நடந்துகொண்டே இருங்கள், நெளிந்து விலகும் வேலையைச் சைக்கிள் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.