ஆப்சோனின்: விழுங்கூக்கி

உடலுக்குள் புகுந்த நுண்ணுயிரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, விழுங்கணுக்கள் (கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள்) அதைப் பற்றி உட்கொள்வதை எளிதாக்கும் புரதமே ‘ஆப்சோனின்’. குருதியிலுள்ள ஐஜிஜி வகை எதிர்ப்பொருளும் (கிருமியை அடையாளங்கண்டு ஒட்டும் புரதம்), கிருமிகளை எதிர்க்கத் துணைநிற்கும் குருதிப் புரதமான நிரப்புப் புரதத்திலிருந்து பிறக்கும் சி3பி என்னும் துண்டும் இவற்றுள் முதன்மையானவை.

லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையைச் சேர்ந்த ஆல்ம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளசும் 1903இல் இச்சொல்லை வழங்கினர். ரொட்டியுடன் சேர்த்து உண்ணும் மீன் முதலியவற்றைக் குறித்த ‘ஆப்சோன்’ என்னும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். இன்றைய கிரேக்கத்தில் மீனுக்கு வழங்கும் ‘ப்சாரி’யும் அவ்வழி வந்ததுதான். நம் ‘தொடுகறி’ அதற்கு அப்படியே பொருந்தும்: தொட்டுக்கொள்ள ஏதேனும் இருந்தால் சோறு தானே இறங்குவதுபோல, ஆப்சோனின் ஒட்டிய கிருமி வெள்ளணுவுக்குள் எளிதில் இறங்கிவிடுகிறது.

ஆனாலும் ‘தொடுகறி’ கலைச்சொல்லாக நிற்காது. ‘சுவையூட்டி’ என்றாலோ பொருளே திரிந்துவிடும். வெள்ளணுவுக்கு நாக்கில்லை, ஒட்டியதைப் பற்றும் ஏற்பிகள்தாம் உண்டு. ‘வினையூக்கி’ என்ற சொல்லாக்கத்தைப் பின்பற்றி ‘விழுங்கூக்கி’ என்பதே தகும் என்பது என் துணிபு.

இச்சொல்லின் முழுப்பொருள், பாக்டீரியாக்கள் விழுங்கூக்கிக்குத் தப்பும் வழிகளைப் பார்க்கையில்தான் விளங்கும். எதிர்ப்பொருள் கவட்டை வடிவினது. அதன் இரு கிளைகளும் கிருமியைப் பற்ற, வெளியே நீட்டிநிற்கும் காம்பை விழுங்கணுவின் ஏற்பி பிடித்துக்கொள்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் மேற்பரப்பிலுள்ள ‘புரதம் ஏ’ கொண்டு அந்தக் காம்பையே பற்றிக்கொள்வதால், கவட்டை தலைகீழாகி, கிளைகள் வெளியே வெறுமனே நிற்க, விழுங்கணு பிடிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. எதிரி கூர்முனையால் தாக்குமுன் ஈட்டியின் பிடியைத் தானே கைப்பற்றிக்கொள்ளும் தந்திரம் இது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸின் ‘எம் புரதம்’ வேறு வகையில் செயல்படுகிறது: நம் உயிரணுக்களை நிரப்புப் புரதத்திலிருந்து காக்கும் ‘காரணி எச்’சைத் தன்மேல் ஈர்த்து, சி3பி படிவதைக் குறைக்கிறது.

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸோ, சர்க்கரைச் சங்கிலிகளாலான தடித்த பொதியுறைக்குள் இருக்கிறது. சி3பி அவ்வுறைக்கு அடியில், செல்சுவரின்மேல் படிந்தாலும், விழுங்கணுவின் ஏற்பிக்கு எட்டாமல் புதைந்துபோகிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி தூண்டும் எதிர்ப்பொருள்கள் பொதியுறையின் மீதே ஒட்டுபவை என்பதால், விழுங்கூக்கி அங்கே மறைவின்றி வெளிப்புறத்தில் நிற்கிறது.