பணப்பயிர்

வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றில்லாமல், விற்பதற்கென்றே போடும் பயிர் பணப்பயிர். எந்தச் செடி என்று பார்த்து இந்தப் பெயர் வைப்பதில்லை. விளைச்சல் எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. கேரளத்தில் வீட்டுக்கு வேகவைத்துச் சாப்பிடும் மரவள்ளி உணவுப் பயிர். அதே கிழங்கு கொல்லிமலையிலிருந்து லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் பணப்பயிர்.

ஆங்கிலத்தின் ‘கேஷ் கிராப்’ என்பதைத்தான் இப்படித் தமிழாக்கினார்கள். அந்தக் கேஷ் நம் ‘காசு’ என்று சொல்வாருண்டு. அது சரியில்லை. சில்லறை நாணயத்தைக் குறிக்கும் வேறொரு ‘கேஷ்’ போர்த்துகீசியர் வழியாகக் காசிலிருந்து போனது. ‘கேஷ் கிராப்’பில் உள்ள கேஷ் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு விதைத்துச் சாப்பிட்டவர்கள். 1970களிலிருந்து அந்தக் கொல்லைகளில் மரவள்ளி ஏறியது. காரணம் எளிது: கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைகள் கிழங்கு கேட்டன, சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்களுக்கு மிச்சமானது. கையில் காசு வந்ததும் உண்மை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கேழ்வரகைக் காயவைத்துக் குதிரில் கொட்டினால் வருடக்கணக்கில் கிடக்கும். மழை பொய்த்தாலும் கூழுக்குப் பஞ்சமில்லை. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கருத்துவிடும். அன்றைய விலைக்கே தள்ள வேண்டும். அந்த விலையும் ஆலையில் மாவுச்சத்தை அளந்து ‘பாயிண்டு’க்கு இவ்வளவு என்று போடுவது. விலை விழுந்தால் அடுப்பு ரேஷன் அரிசியை நம்பித்தான் எரியும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்துப் பங்கில் ஒன்றுகூடத் தேறாது. வயிறு நிறைந்தும் சத்து குறைவது இப்படித்தான்.

சரி, எந்தச் சொல் பொருத்தம்? ‘வணிகப் பயிர்’, ‘வாணிபப் பயிர்’ இரண்டும் பாடநூல்களில் உண்டு, தவறில்லை. எனக்கு ‘விற்பனைப் பயிர்’ பிடிக்கும். ‘பணம்’ என்றால் வரவு நிச்சயம் என்று தொனிக்கிறது. ‘விற்பனை’ என்றால் வாங்க ஒருவர் வரவேண்டும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. எதிர்ச்சொல்லாக ‘உணவுப் பயிர்’ என்பதைவிட ‘வீட்டுத் தேவைப் பயிர்’ என்று எழுதுங்கள். விற்கப் போகும் நெல்லும் உணவுதானே.