‘பிளேஸ் அட்டாச்மென்ட்’டுக்குத் தமிழில் இடப்பற்று

வீடு, தெரு, ஊர், ஆற்றங்கரை என்று பழகிய இடத்தோடு மனிதர்களுக்கு உண்டாகிற ஒட்டுதலைச் சுற்றுச்சூழல் உளவியலில் ‘பிளேஸ் அட்டாச்மென்ட்’ என்கிறார்கள். இதை ‘இட இணைப்பு’ என்று எழுதினால் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். இடப்பற்று என்பதே பொருத்தம்.

‘அட்டாச்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேரில் இருப்பது முளைக்குச்சி. நம் பக்கம் ஆலம்பாடி மாட்டைக் கட்ட வாசலோரம் அடித்து வைக்கிறோமே, அதேதான். ஆங்கிலத்தில் முதலில் ஆளைப் பிடிப்பதற்கும் சொத்தை ஜப்தி செய்வதற்கும் சட்டச் சொல்லாக இருந்தது, பாசம் என்கிற பொருள் பிறகுதான் ஏறியது. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1969-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல் உண்டு.

இடத்தின்மீதும் அப்படி ஒரு பிணைப்பு உண்டு என்பதை அதற்கு முன்பே உளவியலாளர் மார்க் ஃபிரைட் காட்டியிருந்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியை, நகரைச் சீரமைக்கிறோம் என்று 1950-களின் கடைசியில் இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களிடம் பேசி அவர் 1963-இல் எழுதியது இதுதான்: நெருங்கியவர் செத்தால் வருகிற துக்கம் போலவே இவர்களில் பலருக்கு வந்திருக்கிறது. இர்வின் ஆல்ட்மனும் சேத்தா லோவும் 1992-இல் தொகுத்த நூலுக்கு இந்தக் கலைச்சொல்லே தலைப்பு. 2010-இல் ஸ்கேனல், கிஃபோர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை மூன்று பக்கமாகப் பிரித்தார்கள்: பற்று யாருக்கு, எந்த இடத்தின்மேல், அது உணர்வாக, நினைவாக, நடத்தையாக எப்படி வெளிப்படுகிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இடச்சார்பு, அதாவது ஒரு தேவைக்காக மட்டும் ஓர் இடத்தை நம்பி இருப்பது. ஓசூர் சிப்காட் வேலைக்காகப் பக்கத்திலேயே வாடகைக்கு இருப்பவருக்கு அந்த வீடு வசதி, வேலை மாறினால் காலி செய்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம், வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கிற ஓட்டு வீட்டுக்கு மாரியம்மன் பண்டிகைக்கு வந்து சுண்ணாம்பு அடித்து, சரிந்த ஓட்டை மாற்றி, திண்ணையை மெழுகிவிட்டுத்தான் திரும்பும். அந்த வீட்டால் பத்து பைசா வருமானம் இல்லை. இதுதான் இடப்பற்று. சாலையை அகலப்படுத்தும்போது வீட்டின் முன்பக்கம் மட்டும் போகிறது, அளந்து பணமும் கொடுத்துவிடுகிறார்கள். போனது சாயங்காலமானால் நாலு பேர் வந்து உட்கார்ந்த திண்ணை என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை, எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

சரி, ஏன் ‘பற்று’? பிடித்தல், ஒட்டுதல், அன்பு என்று மூன்றும் அதற்குள் இருக்கின்றன. அதைவிட முக்கியம், பற்று என்பதே நிலப்பகுதிக்கும் பெயர்: இலங்கையின் மட்டக்களப்பில் மண்முனைப் பற்று, ஏறாவூர்ப் பற்று, கோறளைப் பற்று என்று இன்றும் நிர்வாகப் பிரிவுகளே இருக்கின்றன. துறவு பேசுகிற நூல்கள் பற்றை விடச் சொல்கின்றனவே என்று சிலர் தயங்கலாம். தாய்மொழிப் பற்று, நாட்டுப்பற்று என்று சொல்லும்போது யாரும் தயங்குவதில்லை.

ஊர்ப்பற்று என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே என்றால், அது இடப்பற்றில் ஒரு வகை மட்டும். ஒரு அறை மேலோ, தெருமுனை மேலோ, தென்பெண்ணைக் கரை மேலோ வருகிற பற்று அதில் அடங்காது. குடியிருக்கும் வீட்டை மட்டும் குறிக்க வேண்டுமானால் வீட்டுப்பற்று என்று எழுதலாம். மனைப்பற்று வேண்டாம், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மனை என்றாலே இப்போது கல் நட்டு விற்கிற காலி பிளாட்தான் நினைவுக்கு வருகிறது.