அகல்வீச்சு உயிர்வளி உணரி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அருகே எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே ஒரு காருக்கு, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவும், தனியாக வாங்கிய எஞ்சின் கணினியும் பொருத்தினார்கள். எஞ்சினின் புகையில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கின்றனவா என்று காட்டும் கருவி ஒன்று வேண்டும். உதிரிபாகக் கடைக்குப் போய் ‘ஆக்சிஜன் சென்சார்’ என்று கேட்டார்கள். கடைக்காரரும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஓட்டிப் பார்த்தபோது அதனுடன் இணைத்த மீட்டர் 0.8 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. பெட்ரோல் தாராளமாகப் போகிறது என்று நம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூன்றாம் நாள் கழற்றிய பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. விளிம்பில் அலுமினியம் மெழுகைப் போல உருகி வழிந்து உறைந்திருந்தது.

கடையில் கொடுத்தது குறுகிய எல்லைக்குள் மட்டும் அளக்கும் நேரோபேண்ட். வேண்டியிருந்தது அகன்ற எல்லையில் அளக்கும் வைடுபேண்ட். இரண்டையும் ஒரே பெயரால் கேட்டதால் வந்த நட்டம் அது. ஆகவே பெயரைச் சரியாக வைப்பது எனக்கு வெறும் மொழிப்பற்று அல்ல.

முதலில் ‘ஆக்சிஜன்’. பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் இது. ‘புளிப்பை, அதாவது அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று பொருள். எல்லா அமிலங்களிலும் இந்த வாயு உண்டு என்று அவர் எண்ணினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்பது பின்னால் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் பிராணவாயு, உயிர்வளி என்று இரண்டு பெயர்கள் உண்டு. வளி என்றால் காற்று. சங்கப் பாடல்களிலேயே அப்படித்தான் வருகிறது. எரிவதற்கும் உயிர்ப்பதற்கும் வேண்டிய ஒன்றுக்கு ‘உயிர்வளி’ மூலப்பெயரைவிடப் பொருத்தமானது என்பேன்.

‘சென்சார்’ உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இடிதாங்கி, வடிகட்டி போல ‘உணரி’ தமிழில் இயல்பாக அமைந்துவிடுகிறது.

சிக்கல் ‘பேண்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. இணையச் சேவைக்கு அகலப்பட்டை என்று சொல்லிப் பழகியதால் இதையும் ‘அகலப்பட்டை உணரி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அங்கே பட்டை என்பது அலைவரிசைகளின் தொகுதி. சைலன்சர் குழாயில் திருகப்படும் இந்தக் கருவிக்கும் அலைவரிசைக்கும் தொடர்பே இல்லை. கலவையை எதிலிருந்து எதுவரை அளக்க முடியும் என்பதே இங்கே கேள்வி.

இதற்கு ‘லாம்டா’ தெரிந்தால் போதும். எஞ்சினுக்குள் போகும் காற்று, பெட்ரோல் முழுவதும் எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு என்பதே லாம்டா. சரியாக இருந்தால் 1. குறைந்தால் செறிந்த கலவை, கூடினால் மெலிந்த கலவை. பாஷ் நிறுவனத்தின் பழைய வகை, அதாவது நேரோபேண்ட் உணரி 1976-இல் வால்வோ கார்களில் வந்தது. லாம்டா 1-க்குக் கீழே போனால் அது ஏறக்குறைய 0.9 வோல்ட் காட்டும். மேலே போனால் 0.1 வோல்ட். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. டர்போ எஞ்சினுக்கு முழு மிதியில் லாம்டா 0.8-ஐ ஒட்டி வேண்டும். 0.97-க்கு மெலிந்த பிறகும் அந்த மீட்டர் செறிவு என்றே காட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போதாமல் சூடு ஏறி பிஸ்டன் உருகியது அதனால்தான்.

புதிய வகையான வைடுபேண்ட் வேறு விதமாக வேலை செய்கிறது. அதனுள்ளே ஒரு சிற்றறை. அங்கே லாம்டா எப்போதும் 1 ஆகவே இருக்கும்படி, மின்சாரத்தால் உயிர்வளியை வெளியே இறைக்கும், அல்லது உள்ளே இறைக்கும். எவ்வளவு மின்னோட்டம் செலவாயிற்று என்பதே அளவு. பாஷ் நிறுவனத்தின் எல்.எஸ்.யூ. 4.9 வகை லாம்டா 0.65 முதல் வெறும் காற்று வரை அளக்கிறது. எல்.எஸ்.யூ. என்பதன் ஜெர்மன் விரிவு ‘லாம்டா சோண்டே உனிவெர்சால்’: எந்நிலைக்கும் ஏற்ற லாம்டா ஆய்வுக்கோல். அந்தப் பெயரிலும் பட்டை இல்லை.

நான் தேர்ந்தெடுத்த சொல் ‘வீச்சு’. துப்பாக்கியின் எட்டும் தூரத்துக்கும் அதுதான், எண்ணூர் முகத்துவாரத்தில் வீசுகிறார்களே அந்த வீச்சு வலைக்கும் அதுதான். வலை விரிந்து விழும் வட்டத்துக்குள் இருப்பதுதான் அகப்படும். அகன்ற வீச்சு உடையது அகல்வீச்சு உணரி; மற்றது குறுவீச்சு உணரி.

வாங்கும்போது இன்னும் சில கேட்க வேண்டும். உங்கள் எஞ்சின் கணினிக்குள்ளேயே இதற்கான கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறதா, அல்லது தனிப் பெட்டி வேண்டுமா? அது எல்.எஸ்.யூ. 4.2 வகைக்கா, 4.9 வகைக்கா? ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. பொருத்தும்போது கிடைமட்டத்திலிருந்து 10 பாகையாவது உயர்த்திச் சாய்க்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் உணரிக்குள் இருக்கும் சூடான பீங்கான் விரிசல் விட்டுவிடும். அருகில் சிலிக்கோன் பசை பூசக் கூடாது. அதன் ஆவியே உணரியைக் கெடுத்துவிடும்.

மீட்டரை லாம்டா அளவிலேயே வையுங்கள். முழுவதும் எரிய, பெட்ரோலின் எடையைப்போல் எத்தனை மடங்கு காற்று வேண்டும் என்று காட்டும் மீட்டர்களும் உண்டு. அவற்றில் 14.7 என்ற எண் கலப்பில்லாத பெட்ரோலுக்கு உரியது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எந்த பெட்ரோல் பங்க்கில் நிரப்பினாலும், லாம்டா 1 என்பது 1 தான்.

அந்தப் பட்டறையில் இப்போது இரண்டு அட்டைப் பெட்டிகள் தனித்தனியாக இருக்கின்றன. பெரியவர் மார்க்கரால் ஒன்றில் ‘குறு’ என்றும் மற்றதில் ‘அகல்’ என்றும் எழுதி வைத்திருக்கிறார்.