பதில் வரவில்லை என்றால் பதிவாகவில்லை என்று ஆகாது

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் இறங்குதளங்களின் மீன் எடை, ஏலக் கணக்கை மொபைலில் பதிய ஒரு மென்பொருள் செய்கிறோம் என்று வையுங்கள். யாரும் எல்லாவற்றையும் புதிதாக எழுதமாட்டார்கள். லாகின், பில், எஸ்எம்எஸ் எல்லாம் ஆயத்தப் பாகங்கள். பாகங்களுக்கிடையே செய்திகளை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுக்க ரேபிட்எம்க்யூ, கணக்கைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதில் தப்பில்லை. ஆனால் அதே கணினியில் உள்ள பக்கத்து நிரலைக் கூப்பிடுவதும் வேறு கணினியைக் கூப்பிடுவதும் ஒன்றல்ல என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் 1994-லேயே எழுதிவிட்டார்கள். இன்னும் அதை மறந்துதான் பாகங்களைக் கோக்கிறோம்.

இறால் 42 கிலோ என்று செயலி அனுப்புகிறது. சர்வர் பதிந்துவிட்டது, பதில் வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. செயலி மறுபடி அனுப்பும். கணக்கில் 84 கிலோ, கரையில் சண்டை.

எடையும் நேரமும் ஒத்திருந்தால் ஒன்றை நீக்கலாம் என்பார்கள். கூடாது, 42 கிலோவில் நிஜமாகவே இரண்டு பெட்டி இருக்கலாம். மொபைலிலேயே பதிவுக்கு ஒரு தனி எண் கொடுத்து, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது எண் போட்டால் எல்லாம் வீண். டேட்டாபேஸ் டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு முறை ஏறவே முடியாத விதி, வேண்டும். முதலில் தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் சேர்ப்பது போதாது: ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளுமே ‘இல்லை’ என்றுதான் பார்க்கும். இரண்டாம் முறை வந்ததற்குப் பிழை காட்டாமல் பழைய பதிலையே கொடுங்கள். ரேபிட்எம்க்யூவும் ‘வாங்கிக்கொண்டேன்’ என்ற ஒப்புதல் வராத செய்தியை மறுபடி கொடுக்கும். ஆகவே எஸ்எம்எஸ் பாகத்துக்கும் இதே காவல் வேண்டும். போன எஸ்எம்எஸ்ஸைத் திரும்ப வாங்க முடியாது.

இன்னொன்று, மறுமுயற்சி பாகங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். செயலி, கேட்வே (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வாசல்), டேட்டாபேஸ் லைப்ரரி மூன்றும் தலா 3 முறை முயன்றால் ஒரு பதிவுக்கு டேட்டாபேஸை 27 முறை வரை தட்டும். ஓர் அடுக்கில் மட்டும் வைத்து, மற்றதை அணையுங்கள். இடைவெளி 1, 2, 4, 8 நொடி என்று கூடட்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்பின்னாக மாறட்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை நெருங்கும்போது மொபைல்களுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிக்னல் வரும். இடைவெளி மாறாவிட்டால் எல்லாம் சேர்ந்து தட்டி, சேர்ந்து தோற்று, சேர்ந்தே மறுபடி தட்டும்.

சோதனையை, தடைக்காலம் முடியும் ஜூன் 14-க்குள் முடிக்கலாம். ஏர்பிளேன் மோடு போட்டுப் பார்ப்பது போதாது, அதில் கோரிக்கையே போகாது. செயலிக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடைத்தரகு நிரல்) வைத்து, கோரிக்கையை விட்டுவிட்டு பதிலை மட்டும் விழுங்கச் செய்யுங்கள். பிறகு டேபிளில் எத்தனை வரி என்று எண்ணுங்கள்.